இடம்புரிச் சுருளும் ஒரு பெயர்ப்பலகையும்

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் எல்லோருக்கும் பெயர் இருந்தது, மாப்பிள்ளையைத் தவிர. அவருக்கும் ஒரு காலத்தில் இருந்ததுதான். பிறப்புச் சான்றிதழில் இருக்கிறது, முனைவர் பட்டத்தில் இருக்கிறது. ஆனால் நிலையத்தின் தலைவருடைய ஒரே மகளை என்றைக்குக் கல்யாணம் செய்துகொண்டாரோ அன்றைக்கே அந்தப் பெயர் வழக்கொழிந்துபோனது. தலைவர் வீட்டில் கூப்பிடுகிறபடியே ஆய்வகத்திலும் 'மாப்பிள்ளை' என்று கூப்பிட்டார். தலைவர் தும்மினால் கைக்குட்டை நீட்டுகிற கூட்டம் அதையே பிடித்துக்கொண்டது. வாசல் காவலர் முதல் நேற்று வந்து சேர்ந்த ஆய்வு மாணவி வரை எல்லோருக்கும் அவர் 'மாப்பிள்ளை சார்'.

பெயர் போனதுகூடப் பரவாயில்லை. கூடவே செய்த வேலையும் போனதுதான் அவருக்கு ஆறவில்லை. அவர் அளந்ததும் வரைந்ததும் மண்டையை உடைத்துக்கொண்டு கணக்குப் போட்டதும் வெளியே வரும்போது 'பெரியவரின் கண்டுபிடிப்பு' என்றுதான் வரும். மேடைகளில் மாமனார் கடைசியாக, "என் மாப்பிள்ளையும் உடனிருந்தார்" என்று ஒரு வரி சொல்வார். உடனிருப்பதற்கு நாற்காலி மேசை போதாதா என்று மாப்பிள்ளைக்கு வயிறு எரியும். எரிந்து என்ன பயன்? வாயைத் திறந்து கேட்கிற தைரியம் அவர் வம்சத்துக்கே கிடையாது. கைதட்டுகிற இடத்தில் தட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் புலம்புவார்.

மாமனாருக்குப் புகழ் தேடித் தந்தது புரோலின். புரதம் என்பது சின்னச் சின்னத் துண்டுகளைக் கோத்த ஒரு நீளச் சங்கிலி. அந்தத் துண்டுகளில் மற்றவையெல்லாம் இடம் பார்த்து வளைந்துகொடுக்கும். புரோலின் மட்டும் தன் வாலைத் தானே கொண்டுவந்து தன் முதுகில் முடிச்சுப் போட்டுக்கொண்டு, 'நான் இப்படித்தான் நிற்பேன், வேண்டுமானால் நீங்கள் சுற்றிக்கொண்டு போங்கள்' என்று விறைத்துக்கொள்ளும். இப்படிப்பட்ட ஆசாமிகள் வரிசையாக வந்துவிட்டால் சங்கிலியே ஒரு நெட்டைச் சுருளாக நிமிர்ந்துவிடும், சுற்றுக்கு மூன்று துண்டுகள் வீதம். வேறு வகைச் சுருள்களில் மேலே இருக்கிறவனும் கீழே இருக்கிறவனும் ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்துக்கொண்டு நிற்பார்கள். இதில் யாரும் யார் கையையும் பிடிப்பதில்லை. ஒருத்தருக்கும் வளையத் தெரியாத காரணத்தாலேயே மொத்தமும் நிமிர்ந்து நிற்கிறது. மாமனாருடைய நிலையமும் ஏறக்குறைய அந்த அமைப்பில்தான் நடந்துகொண்டிருந்தது.

இன்னொரு விசேஷம், அது சுற்றுகிற திசை. வீட்டில் இருக்கிற எந்தத் திருகாணியையும், எந்தப் பாட்டில் மூடியையும் எடுத்துப் பாருங்கள், வலப்பக்கம் திருகினால் உள்ளே போகும். அதெல்லாம் வலம்புரி. புரோலின் சுருள் தண்ணீரில் இருக்கும்போது அதற்கு நேர்மாறு, இடம்புரி. சிலவகை ஆல்கஹாலில் ஊறவைத்தால் மனசு மாறி வலம்புரியாகக் குறுகிக்கொள்ளும். அப்படியானால் உயிரணுவின் எண்ணெய்ப் படலத்தில் பதிந்திருக்கிற ஒரு குறிப்பிட்ட புரதத்தில் அது எந்தப் பக்கம் சுற்றுகிறது? இடம்புரி என்றார் மாமனார். வலம்புரி என்றார் அவரோடு ஒரே பெஞ்சில் படித்த இன்னொரு பேராசிரியர். இந்த ஒரு கேள்வியில் இரண்டு பேருக்கும் தலை நரைத்தது, நட்பு கெட்டது, ஒருவர் வருகிற மாநாட்டுக்கு மற்றவர் போகாமல் இருந்தார். ஊரில் அந்த இன்னொருவரை 'வலம்புரிக்காரர்' என்றே சொல்வார்கள். கடைசியில் மாமனார் பக்கம் ஜெயித்தது. ஜெயிக்க வைத்த அளவுகளை எடுத்தது யார் என்று சொல்லத் தேவையில்லை. உடனிருந்தவர்தான்.

ஜெயித்த கையோடு மாமனாருக்கு ஓய்வு பெறும் வயதும் வந்தது. போவதற்கு முன் நிலையத்தின் முன்கூடத்தில், உள்ளே நுழைகிறவர்கள் அண்ணாந்து பார்க்கிற மாதிரி, இரண்டு ஆள் உயரத்துக்கு அந்தச் சுருளை எவர்சில்வரில் நிறுத்த வேண்டும் என்று ஆசைப்பட்டார். கீழே ஒரு பித்தளைப் பலகை. அதில் அவர் பெயர். வரைபடம் போடுகிற வேலை, பட்டறைக்காரரோடு மல்லுக்கட்டுகிற வேலை எல்லாம் வழக்கம்போல் மாப்பிள்ளை தலையில் விழுந்தது.

"பலகையில என் பேரு வருமா வராதா? அதை மட்டும் உங்க அப்பாகிட்டக் கேட்டுச் சொல்லு," என்றார் மாப்பிள்ளை மனைவியிடம். மனைவி பல் மருத்துவர். வீட்டின் முன்னறைதான் அவள் மருத்துவமனை. மாமனார் மாடியில் இருந்தார்.

"நீங்களே கேட்டா என்னவாம்? தினமும் அவர்கூடத்தானே கார்ல போறீங்க?"

"நான் எப்படி வாய்விட்டுக் கேக்குறது?"

"ஊர்ல இருக்கறவங்க வாயையெல்லாம் நான் திறக்க வைக்கிறேன். உங்க ரெண்டு பேர் வாயைத்தான் திறக்க வைக்க முடியலை," என்று கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். "அவரு கேக்காமக் குடுக்க மாட்டாரு. நீங்க குடுக்காமக் கேக்க மாட்டீங்க. நடுவுல நான் ஒருத்தி."

இருந்தாலும் போய்க் கேட்டாள். மாடியில் கொஞ்ச நேரம் சத்தமாகவே பேச்சு நடந்தது. மாப்பிள்ளை கீழே, நோயாளிகள் சாய்கிற நாற்காலியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். இறங்கி வந்தவள், "பாக்கலாம்னு சொல்லியிருக்காரு," என்றாள். மாமனார் அகராதியில் 'பார்க்கலாம்' என்றால் 'முடியாது' என்று அர்த்தம். அது நிலையத்தில் குழந்தைக்கும் தெரியும். அன்றிலிருந்து மாப்பிள்ளை மாமனாரிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். மாமனார் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல்.

இப்போது பட்டறைக்காரர் கதையைச் சொல்லியாக வேண்டும். மனுஷன் வேலையில் கெட்டிக்காரர். ஆனால் ஒரு பழக்கம். எந்த வேலை முடிந்தாலும் அதன் பக்கத்தில் நின்று, போனை நீட்டிப் பிடித்து, தன்னைத்தானே படம் எடுத்து அனுப்புவார். இரும்புக் கதவாக இருந்தாலும் சரி, தண்ணீர்த் தொட்டியைத் தாங்குகிற சட்டமாக இருந்தாலும் சரி, படத்தில் முக்கால் பங்கு அவர் முகம், கால் பங்கு வேலை. சுருளின் கம்பியை வளைத்துப் பற்றவைத்து முடித்ததும் அப்படியொரு படம் வந்து சேர்ந்தது. மாப்பிள்ளை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பகீரென்றது. முன்பக்கத்தில் கம்பி வலமிருந்து இடமாக மேலே ஏற வேண்டும். இங்கே இடமிருந்து வலமாக ஏறிக்கொண்டிருந்தது. அப்பட்டமான வலம்புரி.

உடனே குரல் பதிவு அனுப்பினார். "என்னங்க செஞ்சு வெச்சிருக்கீங்க? மொத்தமும் தலைகீழ்! திசையை மாத்தி, திரும்ப முதல்லேர்ந்து சுத்துங்க."

பதில் வந்தது. "நீங்க குடுத்த படத்தை வெச்சுத்தாங்க வளைச்சேன். ஒரு நூல்கூட மாறலையே."

"புரதம் எந்தப் பக்கம் சுத்தும்னு எனக்கு நீங்க சொல்லித்தர வேண்டாம். நான் சொல்றபடி செய்யுங்க." மாமனாரிடம் காட்ட முடியாத அதிகாரத்தையெல்லாம் அந்தக் குரல் பதிவில் காட்டித் தீர்த்தார்.

"சரிங்க. எந்தப் பக்கம் சுத்தினா என்ன, பாக்க அழகாத்தான் இருக்கும்," என்று பட்டறைக்காரர் அத்தனையையும் அறுத்துப்போட்டு, எதிர்ப்பக்கமாக வளைத்துப் பற்றவைத்து, மெருகேற்றி, மறுபடியும் பக்கத்தில் நின்று படம் எடுத்து அனுப்பினார். இந்தத் தடவை கம்பி அழகாக இடம்புரியாக ஏறியது. மாப்பிள்ளை கட்டைவிரலை உயர்த்திய பொம்மையை அனுப்பினார். மாமனாரின் மானத்தை எப்படிக் காப்பாற்றினேன் என்று வீட்டில் இரண்டு நாள் பெருமை அடித்துக்கொண்டார்.

விழாவன்று காலையில் முன்கூடத்தில் ஆள் நடமாட்டம் அதிகமில்லை. நாற்காலி போடுகிறவர்கள் பின்பக்கம் இருந்தார்கள். சுருள் வந்ததிலிருந்தே தலை முதல் கால் வரை நீலத்துணி போர்த்தி நின்றது. மாப்பிள்ளை அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பலகையில்தான் இடமில்லை, பக்கத்தில் நின்று ஒரு படமாவது எடுத்துக்கொள்வோமே என்று தோன்றியது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் துணிக்குள் நுழைந்தார். அந்த நீல வெளிச்சத்தில் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு, சுருளின் மேல் கை போட்டு, போனை நீட்டிப் பிடித்துச் சிரித்தார்.

படத்தைப் பார்த்தார். சிரிப்பு சரியாக வந்திருந்தது. சுருளும் இடம்புரியாக, கச்சிதமாக இருந்தது. ஆனால் சட்டைப்பை? அடையாள அட்டை குத்திய சட்டைப்பை படத்தில் வலது மார்பில் இருந்தது. குனிந்து பார்த்தார், இடது மார்பில் இருந்தது. மறுபடியும் படத்தைப் பார்த்தார். முகக் கண்ணாடியில் தெரிவதுபோல் தன்னைத்தானே எடுக்கிற படத்தில் போன் எல்லாவற்றையும் இடம் வலமாக மாற்றிக் காட்டுகிறது.

போனைப் பைக்குள் போட்டுவிட்டுச் சுருளை நேராகப் பார்த்தார். இடமிருந்து வலமாக ஏறியது. இடது கையால் பற்றி, கட்டைவிரலை மேலே நீட்டி, விரல்களைக் கம்பியின் போக்கில் வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. வலது கையை வைத்தார். செய்து வைத்த மாதிரி பொருந்தியது. பட்டறைக்காரர் முதலில் செய்ததுதான் சரி. அவர் நீட்டிப் பிடித்து எடுத்த படம்தான் பொய் சொல்லியிருக்கிறது. சரியாக இருந்ததை அறுத்துப்போடச் சொல்லித் தப்பாகச் செய்ய வைத்தது, உலகத்திலேயே இந்தச் சுருளை அதிகம் அளந்த ஆள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதைதான்.

பதற்றத்தில் படித்ததெல்லாம் மறந்துபோகும் என்பது உண்மை. தலைகீழாகத் திருப்பி நிறுத்திவிட்டால் சரியாகிவிடுமா என்றுகூட ஒரு கணம் யோசித்தார். திருகாணியை எந்தப் பக்கம் கவிழ்த்தாலும் அது வலம்புரிதான் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். தன் தலையில் தானே குட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

மாமனாரிடம் சொல்லத்தான் கிளம்பினார். அதில் சந்தேகம் வேண்டாம். விழாவைத் தள்ளி வைக்கலாம், துணியை விலக்காமல் பேச்சை மட்டும் நடத்தலாம், ஏதாவது செய்யலாம். அந்த நேரம் பார்த்து அலுவலக உதவியாளர் எதிரே வந்து, "மாப்பிள்ளை சார், பெரியவர் உங்களைத்தான் கூப்பிடறாரு," என்றார். நல்லதாகப் போயிற்று என்று படியேறினார்.

ஏறுகிற வழியில்தான் மனசு வேறு பக்கம் திரும்பியது. வலம்புரிக்காரர் இன்றைக்கு விழாவுக்கு வருகிறார். பழைய பகையை மறந்து வா என்று மாமனாரே அழைத்திருக்கிறார். துணி விழும், அவர் பார்ப்பார். இத்தனை வருஷம் இடம்புரி இடம்புரி என்று ஊரைக் கூட்டியவர் வாசலில் வலம்புரி நிற்கிறது என்று சிரிப்பார். ஊரும் சிரிக்கும். யாரைப் பார்த்து? பலகையில் யார் பெயர் இருக்கிறதோ அவரைப் பார்த்து. மாப்பிள்ளை பெயர்தான் எங்கேயும் இல்லையே! உடனிருந்தவருக்கு என்ன பழி வரும்? ஆகா, பெயர் இல்லாததிலும் ஒரு சுகம் இருக்கிறது என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசிப் படியை அவர் ஏறியபோது கால் லேசாக இருந்தது.

மாமனார் மேசைக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பேச்சுக்கான தாள்கள் முன்னால் இருந்தன.

"வாங்க மாப்பிள்ளை. உக்காருங்க. எல்லாம் சரியா இருக்கா?"

"இருக்கு, மாமா."

"மாடலை ஒரு தடவை பாத்துட்டீங்களா?"

"இப்பத்தான் பாத்துட்டு வர்றேன்."

"ஒண்ணும் குறை இல்லையே?"

"என்ன குறை? ஒண்ணும் இல்லை."

மாமனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க நேரம் பிடித்தது. "என்கிட்ட ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க, மாப்பிள்ளை. இன்னும் நேரம் இருக்கு."

எல்லாவற்றையும் மூன்று தடவை கேட்கிற சந்தேகப் பிராணி என்று மாப்பிள்ளை மனசுக்குள் திட்டினார். "சொல்றதுக்கு ஒண்ணும் இல்லை, மாமா. நல்லாப் பேசுங்க," என்று எழுந்தார்.

"சரி. அப்பப் போய் வேலையைப் பாருங்க," என்றார் மாமனார்.

சாயங்காலம் விழாவுக்கு முன்கூடம் நிரம்பிவிட்டது. வலம்புரிக்காரர் முதல் வரிசையில், கைத்தடியை முழங்காலுக்கு நடுவில் நட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் மனைவி மருத்துவமனையைப் பூட்டிவிட்டு நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மாப்பிள்ளை ஓரமாக, தூணுக்குப் பக்கத்தில், கூத்துப் பார்க்க வந்தவர்போல் நின்றார். மாமனார் சுருக்கமாகப் பேசினார். தன்னைப் பற்றி அதிகம் பேசவில்லை. அதுவே அதிசயம். பிறகு கயிற்றை இழுத்தார், துணி சரிந்தது.

கூடமே "ஆகா!" என்றது. எவர்சில்வர் அப்படிப் பளபளத்தது. சுருளையே பிழைப்பாகக் கொண்டவர்கள் அங்கே எத்தனையோ பேர். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். "என்ன நுட்பம்!" என்றார் ஒருவர். "சுத்தறதைப் பாருங்க, அசல் அப்படியே!" என்றார் இன்னொருவர், இதே சுருளைப் பற்றிப் பாடப்புத்தகம் எழுதியவர். எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று ஒரு மனுஷர் பார்க்கவில்லை. வலம்புரிக்காரர் மட்டும் கைத்தடியை ஊன்றி எழுந்து, கிட்டே போய், தன் வலது கையை மெதுவாக உயர்த்திக் கம்பியின் மேல் வைத்தார். மாப்பிள்ளை தூணை விட்டு ஓர் அடி முன்னால் வந்தார்.

அப்போதுதான் பித்தளைப் பலகையைப் படித்த யாரோ, "யாருப்பா இது?" என்று கேட்டார்.

"எது?"

"இந்தப் பேரு. 'உருவாக்கியவர், சரிபார்த்தவர்'னு போட்டிருக்கே. நம்ம நிலையத்துல இப்படி ஒரு ஆளா?"

பக்கத்தில் இருந்த கணக்குப் பிரிவு அதிகாரி, சம்பளப் பட்டியலை மாதாமாதம் பார்க்கிறவர் என்பதால், உற்றுப் படித்துவிட்டுச் சொன்னார். "அட, நம்ம மாப்பிள்ளைதாங்க!"

மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். தலைப்பெழுத்தோடு, பட்டத்தோடு, முழுப் பெயர். பெரிய எழுத்து, ஆழமான பொறிப்பு. மாமனார் பெயர் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. கூட்டம் கைதட்டித் தீர்த்தது. மனைவி முன்வரிசையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காலமெல்லாம் கேட்ட வரம் இப்படியா வந்து சேர வேண்டும்? பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானாலும் பரவாயில்லை, அந்தக் குரங்குக்குக் கீழே தன் பெயரைப் பொறித்தால் யார்தான் தாங்குவார்கள்?

வலம்புரிக்காரர் நேராக அவரிடம் வந்து, கைத்தடியோடு சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "நீதான்ப்பா மனுஷன்! உண்மையை ஒத்துக்க ஒரு தைரியம் வேணும். மாமனார் வாசல்லயே, அவர் கண்ணு முன்னாடியே, என் வலம்புரியை நிறுத்திட்டியே! சுத்துக்கு மூணு துண்டு வெச்சிருக்கே, வலம்புரின்னா மூணும் கொஞ்சமும் வரணும், அதைப் பிறகு பாத்துக்கலாம். கட்சி மாறி வந்ததே போதும்." நல்லவேளையாகக் கைதட்டல் சத்தத்தில் இது யார் காதிலும் விழவில்லை.

"ஐயா, இது நான் வேணும்னு..." என்று ஆரம்பித்தார் மாப்பிள்ளை.

"அடக்கம் வேற!" என்று முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நாற்காலிக்குப் போய்விட்டார் அவர்.

மேடையிலிருந்து மாப்பிள்ளையைப் பேசச் சொன்னார்கள். மைக் முன்னால் நின்றவருக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய நிலைமை. கத்தவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். "இந்தப் பெருமை எனக்குச் சேராது," என்றார் தழுதழுத்த குரலில். அந்தத் தழுதழுப்பு பயத்தில் வந்தது என்று யாருக்குத் தெரியும்? "எல்லாம் என் மாமனாருக்குத்தான் சேரணும். இதுல இருக்கற ஒவ்வொரு வளைவும் அவரோடது. நான் வெறும் உடனிருந்தவன். பலகையில அவர் பேரைத்தான் போடணும்னு கேட்டுக்கறேன்."

மாமனார் எழுந்து அடுத்த மைக்கைப் பிடித்தார். "அப்படிச் சொல்லக்கூடாது. ஒவ்வொரு வளைவும் மாப்பிள்ளை சொன்னபடிதான் வளைஞ்சுது. பட்டறைக்காரரைக் கேட்டுப் பாருங்க. இதுல எனக்கு ஒரு துளிகூடப் பங்கு இல்லை."

"இல்லை, மாமா, உங்க அறிவுதான்..."

"இல்லை மாப்பிள்ளை, உங்க கண்ணுதான்."

"மாமா, தயவு செஞ்சு எடுத்துக்குங்க."

"உங்களுக்கு வர வேண்டியதை நான் எடுத்துக்கறதா? இத்தனை நாள் எடுத்துக்கிட்டது போதாதா?"

இப்படி இரண்டு பேரும் ஆளுக்கொரு மைக்கில் பெருமையை ஒருவர் மேல் ஒருவர் தள்ளிக்கொண்டிருக்க, கூடம் உருகிப்போனது. விட்டுக்கொடுத்தவர் கெட்டுப்போவதில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி என்று பாடப்புத்தகம் எழுதியவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லி மூக்கை உறிஞ்சினார். விஞ்ஞானிகளுக்குள் இப்படி ஒரு குடும்பமா என்று வந்தவர்கள் வாய் ஓயாமல் பேசினார்கள். கடைசியில் மாமனார் ஜெயித்தார். எப்போதும் ஜெயிக்கிறவர்தானே.

கூட்டம் தேநீர் மேசைப் பக்கம் நகர்ந்ததும், "மாப்பிள்ளை, கொஞ்சம் இப்படி வாங்க," என்று தூணுக்குப் பின்னால் கூட்டிப்போனார். சுற்றி வளைக்கவில்லை. வளைகிற ஆளில்லையே.

"நேத்து சாயங்காலமே துணியைத் தூக்கிப் பாத்துட்டேன்."

மாப்பிள்ளை தூணோடு ஒட்டி நின்றுகொண்டார்.

"பட்டறைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். உங்க குரல் பதிவைப் போட்டுக் காட்டினாரு. ரெண்டு படத்தையும் காட்டினாரு. பாத்ததும் புரிஞ்சுபோச்சு." குரலில் கோபமே இல்லை, அதுதான் கேட்கச் சங்கடமாக இருந்தது. "தப்பு யாருக்கு வரலை? நான் போடாத தப்பா? அதுக்கு நான் ஒண்ணுமே சொல்லியிருக்க மாட்டேன். ரெண்டு பேர் பேரையும் போட்டு ஒரு பலகை செஞ்சு வெச்சிருந்தேன் மாப்பிள்ளை. உங்க பேரு முதல்ல, என் பேரு அடுத்தது. காலையில உங்களைக் கூப்பிட்டது அதைக் கையில குடுக்கத்தான். என் மேஜை டிராயர்ல இன்னும் இருக்கு."

"மாமா..."

"நீங்க வந்து, 'இப்படி ஆயிப்போச்சு மாமா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விழாவையே தள்ளி வெச்சிருப்பேன். சொல்லுவீங்கன்னுதான் காத்திருந்தேன். எத்தனை விதமாக் கேட்டேன்! பாத்தீங்க, தெரிஞ்சுக்கிட்டீங்க, என் மூஞ்சிக்கு நேரா 'ஒண்ணும் இல்லை'ன்னு சொன்னீங்க. உங்க கண்ணுல ஒரு சந்தோஷம் இருந்துச்சு மாப்பிள்ளை. இத்தனை வருஷத்துல என் ரூமுக்குள்ள நீங்க அவ்வளவு சந்தோஷமா நின்னு நான் பாத்ததே இல்லை." மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார். "நீங்க கீழே இறங்கினதும் வேற பலகை பொறிச்சுக் கொண்டாரச் சொன்னேன். உங்க பேரை நான் போடலைங்கிறது என் தப்பு. ரொம்ப நாள் தப்பு. அதுக்காக இப்படியா?"

மாப்பிள்ளைக்கு வெட்கமாக இருந்தது. பயம், கோபம், பழைய வயிற்றெரிச்சல் எல்லாம் போய், வெட்கம் மட்டும் மிச்சமிருந்தது. கிழவர் காலில் விழலாமா என்றுகூடத் தோன்றியது. முழங்கால் வளையவில்லை.

"வந்தவங்க யாருக்கும் தெரியலை," என்றார் மாமனார். "தெரிஞ்ச ஒருத்தனும் ஜெயிச்சோம்னு நினைச்சுச் சந்தோஷமாக் கிளம்பறான். போகட்டும், பாவம், அவனுக்கும் வயசாச்சு. மைக் இன்னும் அணைக்கலை. சொல்றதா இருந்தா இப்பவும் போய்ச் சொல்லலாம்."

சொல்லிவிட்டுத் தேநீர் மேசைப் பக்கம் போய்விட்டார்.

மைக் பத்தடி தூரத்தில் இருந்தது. பின்னால் சுருள் வெளிச்சத்தில் மின்னியது. மாப்பிள்ளை இரண்டு எட்டு வைத்தார். "சார்!" என்று ஓடிவந்தாள் நேற்றுச் சேர்ந்த ஆய்வு மாணவி. பலகையில் இருந்த அவருடைய முழுப் பெயரையும் சொல்லி, கூடவே ஒரு 'சார்' போட்டுக் கூப்பிட்டு, "உங்ககூட ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அந்த நிலையத்தில் அந்தப் பெயரை ஒருவர் வாயால் கேட்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. காதுக்கு என்னவோ போல் இருந்தது, ஆனாலும் நின்றுவிட்டார். படம் எடுத்து முடிப்பதற்குள் நாற்காலி அடுக்குகிறவர் வந்து மைக்கின் கம்பியைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டு போனார்.

மனைவி முகமெல்லாம் சிரிப்பாக வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "தூணுக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போய் அப்பா என்ன சொன்னாரு?"

"பாராட்டினாரு," என்றார் மாப்பிள்ளை.